வெடிக்காத கற்கண்டு

டாக்டர் ஹில்கா புதன்கிழமை காலை ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது கல் காணாமல் போயிருந்தது. யாரும் திருடவில்லை. கரைந்து போயிருந்தது.

முந்தின நாள் மாலை தன் கையால் கலந்த கரைசலில், உடம்புச் சூட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும்படி அவள் விட்டுவிட்டுப் போன கல் அது. புளியங்கொட்டை அளவு, தேன் நிறம். ஒரு மனிதரின் சிறுநீரகத்துக்குள் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்து வளர்ந்தது. ஒலியலையால் அடித்துக் கல்லை உடைக்கும் கருவிக்கே 'போடா' என்று சொன்ன ஜாதி. இப்போது குடுவையில் தெளிந்த நீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஹில்கா குடுவையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். தன் ஷூவுக்குள்கூடப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட கூச்சலில் அந்த வடகடலோரப் பல்கலைக்கழகத்தின் கூரையில் உட்கார்ந்திருந்த கடற்காகங்கள் அத்தனையும் கிளம்பி டென்மார்க் பக்கம் போய்விட்டன. கீழ்த்தளத்து எலிகள் மதியம் வரை தீனி எடுக்கவில்லை என்று கேள்வி.

பேராசிரியர் ஃபோக்கோ ஒரு கால் செருப்போடு ஓடிவந்தார். முப்பது வருஷமாகச் சிறுநீரகக் கற்களோடு மல்லுக்கட்டி, கற்களே ஜெயித்துக்கொண்டிருந்த மனிதர்.

"எங்கம்மா கல்லு?"

"இல்ல புரொபசர்."

"இல்லன்னா?"

"கரைஞ்சிடுச்சு."

ஃபோக்கோ குடுவையை வாங்கிப் பார்த்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நாற்காலி ஓரடி தள்ளி இருந்ததால் தரையில்தான் உட்கார்ந்தார். அதை இருவருமே கவனிக்கவில்லை.

"சிஸ்டின் கல்லு... ஒரே ராத்திரியில..." என்றார் தரையிலிருந்தபடி. "வெறும் தண்ணியில இன்னொரு கல்லைப் போட்டுப் பார்த்தியா, ஒப்பிட?"

"இன்னொரு கல்லு எங்க இருக்கு? இது ஒண்ணு கிடைக்கவே ஆஸ்பத்திரி வாசல்ல ஒன்றரை வருஷம் நின்னோமே."

"அதுவும் சரிதான். உடைச்சுப் பாதியை..."

"மனசு வரல புரொபசர்."

வேறொரு நாளாக இருந்தால் ஃபோக்கோ அவளை அங்கேயே உரித்து உப்புப் போட்டிருப்பார். இன்றைக்கு அவர் கண் கலங்கியிருந்தது. கண் கலங்கிய ஆராய்ச்சியாளரை நம்பக் கூடாது என்று அவரே பாடம் எடுப்பவர். அந்தப் பாடம் அன்று விடுப்பில் இருந்தது.

சிஸ்டின் கல் என்பது சாதாரணக் கல் அல்ல. அப்பனிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் ரத்தத்தோடு வருகிற கோளாறு. தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தாலும், எடுக்க எடுக்க முளைக்கும். காணாமல் போன கல்லைப் பெற்றெடுத்தவர் மென்னோ என்கிற இறால் படகுக்காரர். அறுபது வயது. மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள் கொண்டாடுவார்கள். அவர் கூடவே ஒரு கல்லும் கொண்டாடுவார்.

ஹில்காவின் வேலை ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. கல்லைக் கரைக்கும் கரைசலைத் தேடி நாலு வருஷம் கழித்தவளுக்கு, இதுவரை கரைந்தது ஒப்பந்தம் மட்டும்தான். இப்போது கல்லே கரைந்துவிட்டது. பதினோரு மணிக்குள் ஃபோக்கோ மருத்துவத் துறையின் டீனுக்கு போன் போட்டுவிட்டார். மதியத்துக்குள் மென்னோவுக்கும் போட்டுவிட்டார். கரைசலில் என்ன கரைந்திருக்கிறது என்று அளந்து சொல்லும் கருவி பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. அங்கே திங்கட்கிழமைக்கு முன்னால் இடமில்லை. அதுவரை பொறுக்க ஃபோக்கோவுக்குப் பொறுமையில்லை.

"வியாழக்கிழமை டீ நேரத்துக்கு ரெண்டு பேரும் வர்றாங்க. நீதான் கற்கண்டு எடுத்து வைக்கணும். இது உன் வெற்றி" என்றார்.

அந்தப் பக்கத்தில் தேநீர் என்பது பானம் அல்ல, சட்டம். முதலில் கோப்பைக்குள் பெரிய கற்கண்டு ஒன்று. அதன் தலையில் கொதிக்கக் கொதிக்கக் கறுப்புத் தேநீர். அப்போது கற்கண்டு கீறல் விட்டுச் சடசடவென்று வெடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்காதவன் தேநீர் குடித்ததாகக் கணக்கில்லை. பிறகு ஓரமாகப் பாலேடு, அது உள்ளே மேகமாக விரியும். கலக்கக் கூடாது. மேலே பாலேடு, நடுவில் கசப்பு, அடியில் இனிப்பு என்று வரிசையாகத்தான் குடிக்க வேண்டும். மூன்று கோப்பைக்குக் குறைந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். அந்த ஊரில் பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனவனைக்கூடப் பத்து வருஷம் கழித்து மன்னித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேநீரைக் கலக்கியவனின் பேரப்பிள்ளைக்கு இன்னும் பெண் அமையவில்லை.

அதனால் ஃபோக்கோவின் ஆய்வகத்தில் எல்லா வேலைக்கும் கடிகாரம் தேநீர்தான். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். பொதுமக்கள் ஆய்வகத்தைச் சுற்றிப்பார்க்க வரும் நாளுக்காக ஹில்கா ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கட்டடத்திலேயே நல்ல வெளிச்சம் தேநீர் அறை ஜன்னலில்தான். கல்லை எடைபோட்டுக் குறித்துவிட்டு, சிமிழோடு அங்கே கொண்டுபோய்க் கறுப்புத் துணியில் வைத்தாள். பக்கத்தில், அதே அளவில் பொறுக்கியெடுத்த பழுப்புக் கற்கண்டு ஒன்று. 'ஒன்று உங்கள் கோப்பைக்குள், ஒன்று உங்கள் சிறுநீரகத்துக்குள். எது எது?' என்று படத்துக்குக் கீழே எழுதப் போவதை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள். படமும் அருமையாக வந்தது. அந்தச் சமயம் ஃபோக்கோ, "டீ!" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வந்தார். அந்தக் குரலுக்குக் கடலில் கப்பல் திரும்பும். ஹில்கா அவசர அவசரமாகக் கல்லைச் சிமிழுக்குள்ளும் கற்கண்டைக் கிண்ணத்துக்குள்ளும் போட்டுவிட்டு, துணியை உதறி மடித்தாள்.

அதோடு அதை மறந்தும் விட்டாள்.

வியாழக்கிழமை டீன் ராய்ன்ஹில்ட் வந்தார். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்திலிருந்து வந்த காப்பிக்கார அம்மாள். வடக்கே வந்து இரண்டு வருஷமாகியும் மழை மட்டும்தான் பழகியிருந்தது. அடுத்து மென்னோ வந்தார். குளித்து, தலைசீவி, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டிருந்தார். உள்ளே இன்னொரு மென்னோவும் இருந்ததுபோல, அந்தக் கோட்டில் ஒரே ஒரு பொத்தான்தான் பூட்டியிருந்தது.

"மொய்ன்!" என்றார் மென்னோ. அங்கே வணக்கம் என்றால் காலையிலும் மொய்ன், மாலையிலும் மொய்ன், சாவுக்கும் மொய்ன்தான். "டாக்டரம்மா, என் கல்லை முழுங்கிட்டீங்களாமே?"

"நான் இல்ல மென்னோ, கரைசல்."

"எதுவோ ஒண்ணு. எனக்கு ஒரு பீப்பாய் குடுங்க, படகுலயே வச்சுக் குடிச்சுக்கிறேன்."

"குடிக்கிற மாதிரி வர்றதுக்கு இன்னும் வருஷக்கணக்காகும்" என்றாள் ஹில்கா.

"வருஷமா! என் மகளுக்கு நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேனே. அவளுக்குப் போன மாசம் முதல் கல்லு. எனக்கு வந்ததே அவளுக்கும். போன்ல அழுதா பாருங்க, அலை அடிக்கிற சத்தத்துல பாதிதான் கேட்டுச்சு, அதுக்கே எனக்குக் கண்ணு எரிஞ்சுது."

ஹில்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. பெரிய விருந்தாளிக்குப் பெரிய கற்கண்டு என்பது முறை. இடுக்கியால் கிண்ணத்தைத் துழாவி, இருப்பதிலேயே பெரிதாக, அழகாக, தேன் நிறத்தில் இருந்ததைத் தேடியெடுத்து மென்னோவின் கோப்பைக்குள் வைத்தாள். மற்ற மூன்று கோப்பைகளுக்கும் சின்னது.

ஃபோக்கோ தேநீர் ஊற்றினார். டீனின் கோப்பை சடசடத்தது. ஹில்காவின் கோப்பை சடசடத்தது. ஃபோக்கோவின் கோப்பை தீபாவளி மாதிரி வெடித்தது. மென்னோவின் கோப்பையில் சத்தமே இல்லை.

மென்னோ காதைக் கொண்டுபோய்க் கோப்பைக்கு மேலே வைத்தார்.

"என்ன இது, என்னோடது வாயே திறக்க மாட்டேங்குது?"

"பழைய கற்கண்டா இருக்கும்" என்றார் ஃபோக்கோ.

"கற்கண்டு என்ன மீனா, பழசாகிப் போறதுக்கு?"

டீன் வழக்கம்போலக் கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் விடப் போனார். ஃபோக்கோ பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். குழந்தை கத்தியைத் தொட்டால் பிடிக்கிற பிடி.

"மேடம்! கலக்கக் கூடாது."

"அப்புறம் கரண்டி எதுக்கு வச்சிருக்கீங்க?"

"போதும்னு சொல்றதுக்கு. கடைசியில கோப்பைக்குள்ள நிக்கவச்சா, இனி ஊத்த மாட்டோம்."

"வாயால சொன்னா ஆகாதா?"

"வாயால சொன்னா மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நினைச்சு ஊத்திக்கிட்டே இருப்போம்" என்றார் மென்னோ, முதல் மடக்கை உறிஞ்சியபடி. "ம்... என்ன டாக்டரம்மா, சர்க்கரை வியாதிக்காரன் டீயா இது? இனிப்பையே காணோம்."

ஹில்காவின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

வெடிக்கவில்லை. இனிக்கவில்லை. தேன் நிறம். ஜன்னல், கறுப்புத் துணி, 'டீ!' என்ற குரல், அவசரம். உதறி மடித்த துணி கண்முன் வந்துபோனது. சிமிழுக்குள் போனது எது? கிண்ணத்துக்குள் போனது எது? சர்க்கரையை வெதுவெதுப்பான நீரில் போட்டு ஆட்டினால் கரையும் என்பதைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவிலேயே டாக்டர் பட்டமும் நாலு வருஷமும் செலவழித்தவள் தான் ஒருத்திதான் என்று அவளுக்குப் புரிந்தது.

இன்னும் நிச்சயமில்லை. பாலேட்டு மேகம் மென்னோவின் கோப்பையை மூடியிருந்தது. கற்கண்டாக இருந்தாலும் மூன்று கோப்பை வரை அடியில் கிடக்கும். ஆகவே யாரும் சந்தேகப்படப் போவதில்லை.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு" என்று டீன் ஆரம்பித்தார், "பத்திரிகைக்காரங்க வர்றாங்க. டிவியும் வருது. ஹில்கா, நீங்க அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டுக் குடுவையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கணும். மென்னோ, நீங்க பக்கத்துல. உங்க மகளும் வந்தா இன்னும் நல்லது. உங்க ஒப்பந்தத்தைப் பத்தி நீங்க இனிமே கவலையே படவேண்டாம் ஹில்கா."

"மக வருவா! ராத்திரியே பஸ் ஏறச் சொல்றேன்" என்றார் மென்னோ.

உண்மையைச் சொன்னால், பேசாமல் இருந்துவிடலாம் என்று ஹில்காவுக்கு ஒரு நினைப்பு வந்தது. மூன்றாவது கோப்பை முடிந்ததும் பாத்திரங்களைத் தானே கழுவப் போவதாகச் சொல்லலாம். கல்லை எடுத்து இன்றிரவே நிஜமாகக் கரைசலில் போடலாம். கரைந்தால் பொய்யும் உண்மையாகிவிடும். கரையாவிட்டால்? ஒரு பெண் இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, கற்கண்டுத் தண்ணீருக்குக் கைதட்டிவிட்டு ஊர் திரும்புவாள்.

மென்னோ இரண்டாவது மடக்குக்காகக் கோப்பையைத் தூக்கினார்.

"மென்னோ, அந்தக் கோப்பையை இங்க குடுங்க."

"எதுக்கு?"

"மாத்தித் தர்றேன்."

"முதல் கோப்பைகூட முடியல, அதுக்குள்ள பறிக்கிறீங்க? எங்க அப்பா செத்தப்பகூட அவர் கையிலிருந்த கோப்பையை யாரும் வாங்கல!" மென்னோ கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஹில்கா எழுந்தாள். மேசையின் குறுக்கே குனிந்தாள். கரண்டியை மென்னோவின் கோப்பைக்குள் விட்டாள். அந்த அறையில் ஐம்பது வருஷமாக எவரும் செய்யாததைச் செய்தாள். கலக்கினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, டிங் டிங் என்று.

"ஹில்கா!" ஃபோக்கோவின் குரல் உடைந்தது. "என் அறையில! என் கண்ணு முன்னாடி!"

மென்னோ வாயைப் பிளந்தார். டீன் மட்டும், "எனக்குக் கூடாதுன்னீங்க?" என்றார்.

கரண்டி மேலே வந்தது. அதில், கொதிக்கும் தேநீரில் குளித்தும் ஒரு துளி குறையாமல், பளபளவென்று உட்கார்ந்திருந்தது அது.

"இது கற்கண்டு இல்ல" என்றாள் ஹில்கா. "இது உங்க கல்லு மென்னோ. கரைஞ்சதுதான் கற்கண்டு. படம் எடுத்தப்ப நான் மாத்திப் போட்டுட்டேன். என் கரைசல் எதையும் கரைக்கல. நாளைக்கு யாரையும் வரச்சொல்ல வேண்டாம்."



டீன் தன் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "அப்போ நான் குடிச்சது?"

"உங்களோடது வெடிச்சுது மேடம். பயப்படாதீங்க."

மென்னோ கரண்டியிலிருந்த கல்லை மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தார். முகம் சிவந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஹில்கா பயந்தாள். பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. வந்த வேகத்தில் கோட்டின் கடைசிப் பொத்தானும் தெறித்து டீனின் மடியில் விழுந்தது.

"அடப்பாவி! எவ்வளவு பாடுபட்டு வெளிய அனுப்பினேன், பின்வாசல் வழியா உள்ள வரப் பாத்திருக்கியே!"

"ஆஸ்பத்திரியில வேகவச்சுச் சுத்தம் பண்ணின கல்லுதான். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் ஹில்கா அவசரமாக.

"என் சரக்கு என்னை என்ன பண்ணும்?" மென்னோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியபோது முகம் கொஞ்சம் தொங்கிப்போயிருந்தது. "மககிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஃபோக்கோ எழுந்து மென்னோவுக்கு வேறு கோப்பை எடுத்து, வேறு கற்கண்டு போட்டு ஊற்றினார். அது வெடித்தது.

"பொய்ச் செய்தி நாளைக்கு டிவியில வந்திருந்தா," என்றார் டீன் ஒருவழியாக, "நாளன்னைக்கு என் நாற்காலியில வேற யாராவது உக்காந்திருப்பாங்க. ஹில்கா, நான் கோபமாத்தான் இருக்கேன். ஆனா எந்த அளவுக்குக் கோபம்னு எனக்கே இன்னும் தெரியல. ஒரே ஒரு கல்லை வச்சுக்கிட்டு எப்படி இந்த முடிவுக்கு வந்தீங்க? புரொபசர், நீங்க?"

ஃபோக்கோ பாலேட்டை உற்றுப் பார்த்தார். "ஒரே கல்லுதான் இருந்துச்சு" என்றார் முணுமுணுப்பாக. "இன்னொண்ணு கிடைக்க இன்னும் ஒரு வருஷமாகும்."

"எது கிடைக்க?" என்றார் மென்னோ.

"கல்லு."

"கல்லா? என் படகுல ஒரு ஜாம் பாட்டில் நிறையக் கிடக்கே. பொண்டாட்டி வீட்டுல வைக்கக் கூடாதுன்னுட்டா. பாறாங்கல்லு மாதிரி ரெண்டு, மிச்சமெல்லாம் பொடிசு."

ஹில்கா அவரைப் பார்த்தாள். ஃபோக்கோ அவரைப் பார்த்தார்.

"ஏன் மென்னோ இதைச் சொல்லவே இல்ல?"

"யாரு கேட்டீங்க? நீங்க ஆஸ்பத்திரியைக் கேட்டீங்க. ஆஸ்பத்திரி கமிட்டியைக் கேட்டுச்சு. கமிட்டி யாரைக் கேட்டுச்சோ கடவுளுக்கே வெளிச்சம். பெத்தவனை யாரும் கேக்கல."

டீன் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே, "ஹில்கா, உங்க ஒப்பந்தத்தை வசந்தகாலம் வரைக்கும் நீட்டிக்கிறேன். ஆனா இனிமே எல்லாம் ரெண்டு ரெண்டா. ஒண்ணு கரைசல்ல, ஒண்ணு வெறுமனே. படம் எடுக்கிற வேலை வேற யாருக்காவது" என்றார். ஹில்கா தலையாட்டினாள்.

மறுநாள் ஜாம் பாட்டில் வந்தது. இறால் வாசனையோடு வந்தது. மென்னோ கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கழுவி, வேகவைத்து, ஒவ்வொன்றையும் எடைபோட்டு, சரிபாதியாக உடைத்துப் பாதி இங்கே பாதி அங்கே என்று பிரித்தாள் ஹில்கா. ஒரு பாதி, சிறுநீரகத்துக்குள் இருப்பதுபோலவே சிஸ்டின் கலந்த செயற்கைச் சிறுநீரில். மறுபாதி, அதே நீரோடு அவளுடைய கரைசல் சேர்ந்ததில். ஒவ்வொரு குடுவையையும் போட்டவுடன் ஒரு தரம், மூடியபிறகு ஒரு தரம், வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பி வந்து ஒரு தரம் பார்த்தாள். ஆய்வகத்தில் அவளைக் கண்டால் சர்க்கரைகூட ஒளிந்துகொண்டது.

திங்கட்கிழமை அளவுக் கருவியின் முடிவும் வந்தது. பழைய குடுவையில் கரைந்திருந்தது நூற்றுக்கு நூறு சர்க்கரை. ஃபோக்கோ அதைச் சட்டம் போட்டுத் தேநீர் அறையில் மாட்டினார். அதன் கீழே 'கலக்காதீர்கள்' என்று ஒரு பலகையும் வைத்தார். இரண்டில் எது அவருக்கு அதிக வலி என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

இலையுதிர்காலம் முடிவதற்குள் ஹில்கா மென்னோவை வரச்சொன்னாள். இந்த முறை ஆய்வகத்துக்கே கூட்டிப்போனாள். நுண்ணோக்கியில் குனியச் சொன்னாள்.

"இது உங்க கல்லு, என் கரைசல் சேராத நீர்ல இருந்தது."

மென்னோ ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கல்லின் மேலே புதுசாகத் தட்டுத் தட்டாக ஆறு பக்கச் சில்லுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தேன்கூட்டு அறைகள் மாதிரி, கண்ணாடி மாதிரி. "அழகாத்தான் இருக்கு சனியன்" என்றார்.

"இது அதே கல்லோட மறுபாதி. என் கரைசல்ல இருந்தது."

மென்னோ பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். "இதுல ஒண்ணுமே ஒட்டலையே?"

"ஒட்டல. எல்லாக் கல்லுலயும் அப்படித்தான். எல்லாத்தையும் வேற ஆளைவிட்டு, எது எதுன்னு சொல்லாமப் பாக்கச் சொன்னேன். அவங்களும் அதையேதான் சொன்னாங்க."

"அப்ப கரையுது?"

"இல்ல மென்னோ. கரையவே இல்ல. எடை அப்படியே இருக்கு. ஆனா வளரல."

மென்னோ தாடையைச் சொறிந்தார். "குறையல. ஆனா கூடல."

"ஆமா. குடுவைக்குள்ள மட்டும். அடுத்தது எலி. அப்புறம்தான் மனுஷங்க. நடுவுல எப்ப வேணும்னாலும் ஊத்திக்கலாம். அதையும் சேத்துச் சொல்லிடறேன்."

"பொண்டாட்டி என் தொப்பையைப் பாத்துத் தினமும் அதைத்தான் சொல்றா. குறைக்க வேணாம், கூடாம இருந்தாப் போதும்னு." அவர் சிரிக்கவில்லை. கோட்டுப் பைக்குள் கைவிட்டு போனைத் தேடினார். "எலிக்கெல்லாம் கல்லு வருமா?"

"வரவைக்கணும்."

"பாவம்" என்றார் மென்னோ எலிகளுக்காக. நம்பரை அழுத்திவிட்டு, ஊரே கேட்கிற குரலில் பேசத் தொடங்கினார். படகுக்காரர்களுக்கு போன் என்றால் அலைக்கு மேலே கத்துவது என்று பொருள். ஹில்கா அறையை விட்டு வெளியே போகப் பார்த்தாள். மென்னோ அவள் வெள்ளைக் கோட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"மொய்ன்! நான்தான். டாக்டரம்மா பக்கத்துலதான் நிக்கிறாங்க, தப்பாச் சொன்னா திருத்துவாங்க. கேளு. கரையல. ஆமா, இந்தத் தடவையும் கரையல. ஏய், அதுக்குள்ள போனை வைக்காதே! நல்ல சேதிதான் சொல்றேன், முழுசாக் கேளு..."